குளத்து வள்ளைக்கீரையைப் பச்சையாகச் சாறு எடுத்துக் குடிக்கலாமா? (இலங்கையில் கங்குன், மலேசியாவில் கங்கோங்)

வெண்ணாற்றுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையும் இரவும் மாத்திரை போடுகிறார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியைப் போட்டார். வள்ளைக்கீரையைப் பச்சையாக அரைத்து ஒரு டம்ளர் சாறு வெறும் வயிற்றில் ஒரு மண்டலம் குடித்தால் சர்க்கரை இறங்கிவிடுமாம், அப்புறம் மாத்திரையே தேவைப்படாதாம். அப்பா மாத்திரையை எப்போது விடலாம் என்று காத்திருப்பவர். பிடித்துக்கொண்டார்.

ஊர்க்குளத்தில் கரையோரம் முழுக்க இந்தக் கீரைதான். பறிக்க யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாளைக்கே மிக்ஸியில் போடத் தயாராக இருக்கிறார். இந்தக் கீரையில் உண்மையில் என்ன சத்து இருக்கிறது? சர்க்கரைக்கு ஏதாவது செய்யுமா? பச்சையாகக் குடித்தால் வம்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ மணி எழுதியது:

தம்பி, இங்கே மலேசியாவில் இது வாரம் இரண்டு நாள் தட்டில் விழும் கீரை. மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் எல்லோருக்கும் பொது. பெலாச்சான் (இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி) போட்டு வதக்கினால் ஒரு தட்டுச் சோறு சத்தமில்லாமல் போய்விடும். 2014 ஜனவரியில் அப்போதைய பிரதமர் நஜிப், விலை ஏறினால் அரசைத் திட்டுகிறீர்கள், கங்கோங் விலை இறங்கும்போது பாராட்டுவதில்லையே என்ற பொருளில் பேசப் போய் நாடே கேலி செய்தது. அந்த அளவுக்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்த கீரை.

ஆனால் மருந்து என்று யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் பழைய ஆட்கள் நேர்மாறாகச் சொல்வார்கள். கங்கோங் அதிகம் தின்றால் கால் பலம் போகும், கெண்டைக்கால் இழுக்கும் என்பார்கள். என் மாமியார் முட்டி வலி வந்த நாளிலிருந்து தொடுவதே இல்லை. இது உண்மையா என்று சத்துணவு படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லவும்.

சத்துக்கணக்கு எழுதியது:

மருத்துவமனை உணவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சண்டையை அப்புறம் போடலாம்.

பச்சை வள்ளைக்கீரை 100 கிராமில் 92 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கலோரி 19. புரதம் 2.6 கிராம், நார்ச்சத்து 2.1 கிராம், சுண்ணாம்புச் சத்து 77 மில்லிகிராம், இரும்பு 1.7 மில்லிகிராம், மெக்னீசியம் 71 மில்லிகிராம், பொட்டாசியம் 312 மில்லிகிராம். வைட்டமின் சி 55 மில்லிகிராம். வைட்டமின் ஏ கணக்கில் 315 மைக்ரோகிராம், அதாவது ஓர் ஆணின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஃபோலேட்டும் உண்டு, 57 மைக்ரோகிராம்.

இதில் நான் பெரிதாக மதிப்பது அந்த வைட்டமின் ஏ-யைத்தான். கீரையில் அது பீட்டா கரோட்டினாக இருக்கிறது, உடம்பு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். கொழுப்பு கூட இருந்தால்தான் அது குடலில் நன்றாகச் சேரும். எண்ணெயில் வதக்குவதும் தேங்காய்ப்பூ போடுவதும் ருசிக்காக மட்டும் இல்லை. வெறும் சாறாகக் குடித்தால் கரோட்டினில் நிறைய வீண்தான்.

வைட்டமின் சி வேறு கதை. தண்ணீரில் வேகவைத்து வடித்தால் 55 என்பது 16-க்கு வந்துவிடுகிறது. அதனால் நீண்ட நேரம் வேகவைக்காதீர்கள், வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். இறக்கிய பிறகு கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த நன்மை போய்விடும்.

மணி அண்ணே, கால் இழுப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பொட்டாசியமும் மெக்னீசியமும் தசைக்கு வேண்டிய சத்துகள், அவற்றை வைத்திருக்கும் கீரையைப் போய்க் குற்றம் சொல்கிறோம். மாமியாருக்கு முட்டி வலி முட்டியால் வந்தது.

வன்னிச்சி எழுதியது:

கங்குன் பற்றிக் கதைக்கிறீர்கள் என்றதும் ஓடி வந்தேன். இலங்கையில் மலிவான கீரை என்றால் இதுதான். செத்தல் மிளகாய், உள்ளி, வெங்காயம் தாளித்து, மாசிக் கருவாட்டுத் தூள் போட்டு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பூ. சிங்களவர் வீட்டிலும் இதே கைமணம்தான்.

நீரிழிவு விஷயம் காற்றில் இருந்து வந்த கதை இல்லை. ஸ்ரீ ஜெயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைப் பற்றித் தொடர்ந்து ஆய்வு செய்திருக்கிறார்கள். கங்குன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்தது. டோல்பூட்டமைடு என்ற பழைய சர்க்கரை மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது என்றுகூட வெளியிட்டார்கள். பிறகு இரண்டாம் வகை நீரிழிவு உள்ள மனிதர்களிடமும் சிறிய அளவில் பார்த்தார்கள், அதிலும் குறைவு தெரிந்தது. ஆகவே சித்தப்பாவை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம்.

மூலிகை மன்னன் எழுதியது:

அப்படிச் சொல்லுங்கள் அக்கா. இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிக்காரன் விற்பனை போய்விடும் என்று இதை எல்லாம் மறைக்கிறான். நம் முன்னோர்கள் குளத்தில் பறித்து அப்படியே பச்சையாகச் சாப்பிட்டவர்கள், நூறு வயது வாழ்ந்தார்கள். வேகவைத்தால் உயிர்ச்சத்து செத்துவிடும். ஐயாவுக்குத் தைரியமாகக் கொடுங்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம்.

சத்துக்கணக்கு எழுதியது:

மாத்திரையை யார் குறைப்பது? நீங்களா, அவருடைய டாக்டரா?

வன்னிச்சி சொன்ன ஆய்வு உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் எலிக்குக் கொடுத்தது உடல் எடைக்குக் கணக்குப் போட்டு எடுத்த சாறு. நாம் சாப்பிடுவது ஒரு கரண்டி பொரியல். மனிதர்களிடம் பார்த்தது மிகச் சிலரிடம்தான். அதை வைத்து "கீரை சாப்பிடுங்கள், நல்லது" என்று சொல்லலாம், மாத்திரைக்குப் பதில் இதைக் குடி என்று சொல்ல முடியாது.

கூடவே இதையும் யோசியுங்கள். சாறு உண்மையாகவே சர்க்கரையைக் குறைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது வெறும் வயிற்றில் சாறு, அதன் மேல் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை என்றால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்பு இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. அப்பா எந்த மாத்திரை போடுகிறார் என்று அட்டையைப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு இந்தக் கீரையால் கிடைக்கும் நிச்சயமான நன்மை ரொம்பச் சாதாரணமானது. தட்டில் கால் பங்கு கீரை ஏறினால் அந்த அளவு சோறு குறையும். கலோரி குறைவு, நார் இருக்கிறது, வயிறு நிறைகிறது. வாட்ஸ்அப்பில் பரவும் அளவுக்கு இதில் கவர்ச்சி இல்லை, என்ன செய்வது.

பழம்பாடல் எழுதியது:

மூலிகை மன்னன் ஐயாவுக்கு ஒரு தகவல். வள்ளை நம் நீர்நிலைகளில் பழமையானது என்பதில் சந்தேகமே வேண்டாம். அகநானூறு 46-ஆம் பாட்டில் வருகிறது. இரவில் ஓர் எருமை கட்டுக் கயிற்றை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் விலக்கிக்கொண்டு பழனத்துக்குள், அதாவது நீர் நிறைந்த வயலுக்குள் இறங்கி, உள்துளை உள்ள வள்ளைக் கொடியை உழக்கிக்கொண்டு போகிறது. போய் மேய்வதோ தாமரைப் பூவை. ஆக அந்த எருமைகூட வள்ளையைப் பச்சையாகத் தின்னவில்லை.

மூலிகை மன்னன் எழுதியது:

கிண்டல் வேண்டாம். எருமைக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் உண்டு.

நுண்ணோக்கி எழுதியது:

ஆய்வகத்தில் மலப் பரிசோதனை பார்த்தே காலம் தள்ளியவன் நான். பச்சையாகக் குடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் அருவருப்பான செய்தி சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பிறகு வந்து படிக்கவும்.

குடல் தட்டைப்புழு என்று ஒன்று உண்டு, ஃபாசியோலாப்சிஸ் புஸ்கி. நன்றாக வளர்ந்தால் ஏழு சென்டிமீட்டர் வரை வரும், இலை மாதிரித் தட்டையாக இருக்கும், சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு வாழும். பன்றியின் கழிவோ மனிதக் கழிவோ குளத்தில் கலந்தால் முட்டை தண்ணீருக்கு வருகிறது, அதிலிருந்து வரும் குஞ்சு நத்தைக்குள் போகிறது, நத்தையில் இருந்து வெளியேறி நீர்ச்செடிகளின் தண்டிலும் இலையிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செடியைப் பச்சையாகக் கடிப்பவர் வயிற்றில் மறுபடி புழுவாகிறது. நம் நாட்டில் பீகார், உத்தரப் பிரதேசம், அசாம் பக்கம் இது தெரிந்த நோய். அங்கே சிங்காடா என்ற நீர்க்காயைப் பல்லால் தோலுரிப்பார்கள், அப்படியே தொற்றிக்கொள்ளும். வயிற்றுவலி, பேதி, புழு அதிகமானால் முகமும் காலும் வீக்கம். பிராசிகுவான்டெல் மாத்திரையில் குணமாகிவிடும், சரி, ஆனால் வருவானேன்?

தமிழ்நாட்டில் இந்தப் புழு அரிது. அதற்காகக் குளத்துத் தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது. கரையில் மலம் கழிக்கும் ஊரில் அமீபாவும் டைஃபாய்டும் இதே வழியில் வரும். ஒட்டியிருக்கும் கூடு வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதையும் நம்ப வேண்டாம். சூடுதான் வழி. நன்றாக வெந்தால் எந்தப் புழுவும் பிழைக்காது.

தண்டு உள்ளே வெற்றாக இருப்பதால் அட்டை ஒளிந்திருக்கும் என்று பயப்படுபவர்கள் உண்டு. தண்டை நீளவாக்கில் கீறிப் பார்த்துவிட்டு நறுக்குங்கள். பயமும் தீரும், சீக்கிரமும் வேகும்.

சதுப்புநிலம் எழுதியது:

புழுவைச் சமையல் கொல்லும். ஈயத்தைக் கொல்லாது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய எந்தச் செடி நல்லது என்று ஆராய்ச்சி செய்பவர்கள் இதையும் எடுத்துக்கொள்கிறார்கள். காரணம், வேகமாக வளரும், தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உலோகங்களையும் உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்ளும். இதே குணம் தட்டுக்கு வரும்போது ஆபத்து. பாங்காக் சுற்றுவட்டார நீர்நிலைகளில் விளைந்த கீரையைச் சோதித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் பாதரசம், ஈயம், காட்மியம் மூன்றும் தெரிந்தன, அளவு இடத்துக்கு இடம் மாறியது. ஒரே கீரைதான், வளர்ந்த தண்ணீர் வேறு.

கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களில் நகரத்துக் கழிவுநீரை வைத்தே மீனும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். 2002-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வங்காளிகளுக்குக் கல்மி சாக் (இதே வள்ளைக்கீரைதான்) என்றால் உயிர். வீட்டுக் கழிவுநீரில் முக்கியமாகக் கிருமிகள், அவற்றை வெயிலும் பாசியும் மீனும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். தோல் பதனிடும் ஆலைக் கழிவும் முலாம் பூசும் பட்டறைக் கழிவும் கலந்தால் நிலைமை வேறு. இலையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பளபளவென்று, கொழுகொழுவென்று இருக்கும். சாக்கடை ஓரத்துக் கீரைதான் எப்போதும் கொழுத்திருக்கும்.

வெண்ணாற்றுக்காரரே, உங்கள் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வயல் வடிகால் வந்து சேர்கிறதா? பூச்சிமருந்து அடித்த வாரத்தில் வயலின் வடிதண்ணீர் குளத்துக்கு வந்தால் அந்தக் கீரையை ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம்.

கீதாரி மகன் எழுதியது:

ஆடு என்றதும் ஞாபகம் வந்தது. யாரும் இன்னும் சொல்லவில்லை. குளத்தங்கரையில் நெய்வேலி காட்டாமணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூ இரண்டுக்கும் ஒரே மாதிரி புனல் வடிவம்தான், ஊதா கலந்த ரோஸ் நிறம். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே இனப்பெயர். ஆனால் காட்டாமணக்கு விஷம். ஆடு அதைத் தின்று பழகிவிட்டால் தலையை ஆட்டிக்கொண்டு, பின்னங்கால் தள்ளாடி, கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து போகும். தென்னமெரிக்காவில் இருந்து வந்து நம் வாய்க்கால்களை எல்லாம் வளைத்துக்கொண்ட செடி.

வித்தியாசம் சொல்கிறேன். வள்ளை நிமிராது, தண்ணீர் மேலும் சேற்றிலும் படர்ந்து ஓடும். தண்டு இளசு, கிள்ளினால் சட்டென்று உடையும், கணுவுக்குக் கணு வேர் விடும். இலை ஈட்டி முனை மாதிரி நீண்டிருக்கும். காட்டாமணக்கு நிமிர்ந்து ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கும், அடித்தண்டு விறகு மாதிரிக் கெட்டி, ஒடித்தால் பால் வரும், இலை பெரிய இதய வடிவம். பாலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வள்ளையிலும் கொஞ்சம் பால் கசியும். தண்டையும் வளரும் விதத்தையும் பாருங்கள்.

வெண்ணாற்றுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. வடக்குக் கரை முழுக்கக் காட்டாமணக்குதான். வயல் வடிகாலும் அந்தப் பக்கமாகத்தான் குளத்துக்குள் இறங்குகிறது. அப்பாவின் மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தே இருக்கிறது. சத்துக்கணக்கு எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மிக்ஸி அலமாரிக்குள் போய்விட்டது. ஆனால் "அப்போ சமைச்சுச் சாப்பிடலாம்ல?" என்று கேட்கிறார். குளத்தை விட்டால் வேறு எங்கே கிடைக்கும்? எங்கள் ஊர்ச் சந்தையில் யாரும் விற்பதில்லை.

மாடித்தோட்டம் செல்வி எழுதியது:

தம்பி, குளமே வேண்டாம். தொட்டியில் வரும். என் மாடியில் தண்டுக்கீரைக்கு அடுத்தபடி இதுதான்.

விதைக் கடைகளில் கங்கோங் என்று கேளுங்கள். குறுகலான மூங்கில் இலை மாதிரி இருக்கும் மேட்டு நில வகை வாங்குங்கள், அது மண்ணிலேயே வளரும், வெள்ளைப் பூ. விதைத் தோல் கெட்டி, அதனால் ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். நான்கைந்து நாளில் முளைத்துவிடும். மண் காயவே கூடாது. நல்ல வெயில் வேண்டும். 25 முதல் 30 நாளில் ஒரு சாண் உயரம் வந்ததும் அடியில் இரண்டு கணு விட்டு அறுங்கள், மறுபடி துளிர்க்கும். அப்படி மூன்று நான்கு அறுப்பு எடுக்கலாம். பூ வந்துவிட்டால் தண்டு நாராகிவிடும், அதற்குள் அறுத்துவிட வேண்டும். தெரிந்தவர் வீட்டில் கொடி இருந்தால் விதைகூட வேண்டாம், கணுவோடு ஒரு தண்டைத் தண்ணீரில் போட்டால் சில நாளில் வேர் விடும்.

தண்ணீர் தேங்கவிட்டு வளர்க்கலாம் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். வளரும், ஆனால் கீரையோடு டெங்குக் கொசுவும் வளரும். ஈரமண் போதும்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

அமெரிக்காவில் இருப்பவர்கள் யாரும் ஊரில் இருந்து விதை கொண்டு வந்துவிடாதீர்கள். இது இங்கே கூட்டரசின் ஆபத்தான களைப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே வெற்றான தண்டு மிதந்துகொண்டே போய் ஏரி வாய்க்கால் எல்லாம் மூடிவிடும், ஃபுளோரிடாவில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் வளரும் என்று எச்சரிக்கிறார்கள். டெக்சாஸில் உரிமம் வாங்கிப் பசுமைக்குடிலில் வளர்த்து விற்கிறார்கள், வியட்நாமியர் கடைகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். வாங்கிச் சாப்பிடுங்கள்.

தேனிக்காரி எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். அம்மாவுக்குச் சிறுநீரகம் பலவீனம், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வள்ளைக்கீரை கொடுக்கலாமா? மாமா இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறார், அவருக்கு?

சத்துக்கணக்கு எழுதியது:

தேனிக்காரி, நல்ல வேளை கேட்டீர்கள். அம்மா விஷயத்தில் நான் முன்னால் சொன்னது தலைகீழாகும். டயாலிசிஸில் பொட்டாசியம்தான் எதிரி. அவருடைய உணவு ஆலோசகர் கீரைக்கு அனுமதி கொடுத்திருந்தால், பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அனுமதி இல்லை என்றால் வேண்டாம். சாறு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையை விட வேண்டியதில்லை. பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே அதிகம், அது மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதனால் அளவு மாறக்கூடாது. வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால் எப்போதும் அதே. ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தினமும் கட்டுக் கட்டாகச் சாப்பிட்டால் ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பரிசோதனை) கணக்குக் குழம்பிவிடும்.

ஈப்போ மணி எழுதியது:

சரி, மருத்துவம் போதும். அப்பாவுக்குச் சமைக்கும் வழி சொல்கிறேன். தண்டையும் இலையையும் தனித்தனியாக வையுங்கள். சட்டி நன்றாகச் சூடானதும் எண்ணெய், பூண்டு, இடித்த மிளகாய், பெலாச்சான் ஒரு சின்னத் துண்டு. அங்கே பெலாச்சான் கிடைக்காது என்றால் உலர்ந்த சென்னாக்குன்னியை வறுத்து இடித்துப் போடுங்கள், கிட்டத்தட்ட அந்த வாசம் வரும். முதலில் தண்டு, ஒரு நிமிடம் கழித்து இலை. பெரிய தீ. மூடி போடாதீர்கள், போட்டால் கறுத்துவிடும். இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

நுண்ணோக்கி எழுதியது:

இரண்டு நிமிடம் மாடிக் கீரைக்குப் போதும். குளத்துக் கீரைக்குப் போதாது.

வன்னிச்சி எழுதியது:

பெலாச்சானிலும் சென்னாக்குன்னியிலும் உப்பு கொட்டிக் கிடக்கிறது, 64 வயதுக்காரருக்குப் பிரஷரும் இருந்தால் என்ன செய்வது? மாசியிலும் உப்பு உண்டுதான், ஆனால் ஒரு தேக்கரண்டி போதும். வேறு உப்புப் போடவே வேண்டாம். இறக்கும்போது தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) விடுங்கள், சத்துக்கணக்கு சொன்ன இரும்புக்கும் ஆச்சு.

ஈப்போ மணி எழுதியது:

பெலாச்சான் இல்லாத கங்கோங்கை நாங்கள் கங்கோங் என்று ஒத்துக்கொள்வதில்லை அக்கா. உப்புக்காகப் பாதித் துண்டு போடச் சொல்கிறேன், அதற்கு மேல் இறங்க மாட்டேன்.

வெண்ணாற்றுக்காரன் எழுதியது:

அப்பாவுக்குப் பிரஷரும் உண்டு, அதனால் வன்னிச்சி அக்காவின் வழிதான். மாசி இங்கே கிடைக்காது, அது இல்லாமலே செய்கிறோம். செல்வி அக்கா, தண்டுக்கீரை வளர்த்த பழைய குரோ பேக் இரண்டு இருக்கிறது, அதே மண்ணில் போடலாமா, மண் மாற்ற வேண்டுமா?

மாடித்தோட்டம் செல்வி எழுதியது:

மண் மாற்ற வேண்டாம். கொட்டிக் கிளறி, மூன்றில் ஒரு பங்கு மக்கிய சாணம் கலந்து ஒரு வாரம் ஆறவிடுங்கள். இந்தக் கீரைக்குத் தழைச்சத்துதான் முக்கியம். வேப்பம்பிண்ணாக்கு ஒரு கைப்பிடி. யூரியா பக்கம் போகாதீர்கள். ஒரு பையில் இருபது விதைக்கு மேல் வேண்டாம், நெருக்கினால் தண்டு குச்சியாகப் போகும்.